டொர்னடோ பார்க்கக் குழுவோடு போவதா, மருமகன் காரில் போவதா, மன்னார்குடி மொட்டைமாடியே போதுமா?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் புயல் துரத்தும் பயணம் என்று ஒன்று இருக்கிறது. வேனில் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, இடிமேகம் எங்கே கட்டும் என்று கணித்து, அதன் பின்னாலேயே ஒரு வாரம், பத்து நாள் ஓடுவார்கள். அதில் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போன வருஷம் குழுவில் சேராமல் டல்லாஸில் இருக்கும் தங்கை மகனின் காரில் மூன்று நாள் சுற்றிப் பார்த்தேன். வரும் வருஷம் மறுபடி போவதா, போனால் எப்படிப் போவது, போகாமலே இருந்தால் இங்கேயே என்ன பார்க்கலாம் என்று நாலு மாதமாக மண்டையைக் குடைந்ததில் தேறியதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். நம் செய்தித்தாள்கள் வங்கக்கடலில் வருவதையும் சூறாவளி என்கின்றன, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வருவதையும் சூறாவளி என்கின்றன. இரண்டும் வேறு. நம்முடையது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் ஆயுசு. அவர்களுடையது இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று, பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அகலம், சில நிமிஷ ஆயுசு. நம்முடையதை புயல் என்றும் அதை டொர்னடோ என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த அளவு வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது, ஏனென்றால் டொர்னடோவை வெளியே நின்று பார்க்கலாம், புயலுக்கு வெளியே என்று நிற்க இடமே கிடையாது.

எங்கள் வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா கேட்டது, "கஜா வந்தப்ப கட்டிலுக்கு அடியில படுத்திருந்தவன்தானே நீ?" உண்மைதான். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது கஜா. மணிக்கு 100, 110 கிலோமீட்டர் காற்று, இடையிடையே 120. தொழிலே கேமராதான், ஆனால் அன்றிரவு பையை விட்டு அதை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தாலும் என்ன கிடைத்திருக்கும்? கும்மிருட்டு, கரண்ட் போயாச்சு, சத்தம் மட்டும்தான். ஸ்டுடியோவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை எங்கே போனது என்று விடிந்த பிறகுதான் தேடினோம். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர பதினெட்டு நாள் ஆனது. பேராவூரணிப் பக்கம் மாமனார் தோப்பில் நின்றவை இருபது மரம், சாய்ந்தவற்றை எண்ணவே மனசு வரவில்லை.

அதற்கு நாலைந்து நாள் கழித்து நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெளியூர்க் கார்கள் வந்தன. சிலர் அரிசி, மெழுகுவர்த்தி, தார்ப்பாய் கொண்டு வந்தார்கள், அவர்களுக்குக் கோடி கும்பிடு. சிலர் சும்மா பார்க்க வந்தார்கள். விழுந்த தென்னைமேல் கால் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பேராவூரணித் தோப்புக்காரர் ஒருவரிடம், கொஞ்சம் மரத்தைப் பார்த்தபடி நில்லுங்க ஐயா என்று சொன்ன ஆளை நானே பார்த்தேன். அவர் நின்றார், பாவம். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

ஆகவே புயலைத் துரத்துவது, அதாவது நாகைக்கோ கோடியக்கரைக்கோ வண்டி கட்டிக்கொண்டு கரை கடக்கும் இரவில் போய் நிற்பது, என் பட்டியலிலேயே இல்லை. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு அந்த ரோட்டில் போக வேண்டியது மின்வாரிய வண்டியும் ஆம்புலன்ஸும்தான். புயலின் கண் கடக்கும் ஊரில் காற்று சட்டென்று நிற்கும், முடிந்தது என்று வெளியே வந்தால் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். 1952, 1977 புயல்களைப் பார்த்த பெரியவர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். இதில் சுற்றுலாவுக்கு ஏது இடம்.

ஆனால் டெல்டாவில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பாவம். ஆடி, ஆவணி மாதங்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே, தஞ்சாவூருக்கும் அந்தப்புறம், காலிஃபிளவர் மாதிரி மேகம் கட்டி எழும்பும். உள்மாவட்ட வெயில் கிளப்பிவிட்ட இடிமழை அது, மேலே வீசும் மேல்காற்று அதை மெல்ல மெல்லக் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். இரவு ஒன்பது மணிக்கு மன்னார்குடி மேலே மின்னல் கிளை கிளையாகப் பிரியும். வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார் படத்தை போனில் இலவசமாகப் பார்க்கலாம், கனமழையைக் காட்டும் சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு கேமரா முக்காலியை முன்கூட்டியே வைக்கலாம். செலவு பூஜ்யம். வயல்வெளி சமதளம், பார்வைக்குக் குறுக்கே ஒன்றுமில்லை. மேகம் படிக்கக் கற்க விரும்புகிறவன் முதல் இரண்டு வருஷம் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். ஒன்றே ஒன்று, மொட்டைமாடியில் நிற்காதீர்கள், ஜன்னலுக்கு உள்ளே நில்லுங்கள் அல்லது காருக்குள் உட்காருங்கள். மழை விழும் இடத்திலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும். நடவு வயலில் நின்றவர் மின்னல் தாக்கி இறந்தார் என்று வருஷா வருஷம் படிக்கிறோமே. தலைப்பில் மொட்டைமாடி என்று போட்டது சும்மா ஓசைக்காகத்தான்.

அப்புறம் எதற்கு அமெரிக்கா? நம் ஊர் இடிமேகம் பொதுவாகச் சுழலாது, அதுதான் காரணம். எழும்பும், கொட்டும், தன் மழையாலேயே தன்னைக் குளிரவைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அடங்கும். அங்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையோடு வருகிறது, மேற்கே பாலைப் பக்கமிருந்து வறண்ட காற்று அதன் தலைமேல் ஏறுகிறது, அதற்கும் மேலே இன்னொரு திசையில் வேகமான காற்றோட்டம். உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால் எழும்பும் மேகமே மொத்தமாகத் திரும்ப ஆரம்பிக்கிறது. சூப்பர்செல் என்பார்கள். மணிக்கணக்கில் நிற்கும், பம்பரம் மாதிரி அடுக்கு அடுக்காக வரி விழுந்து தெரியும். அதில் சிலதுதான் டொர்னடோ இறக்கும், பெரும்பாலானவை இறக்காது. எனக்கு அந்த மேகமே போதும் என்பதைப் போன வருஷம்தான் புரிந்துகொண்டேன்.

அமெரிக்கா வேண்டாம், இந்தியாவிலேயே என்றால் வங்காளம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் வங்காளத்திலும் ஒடிசாவிலும் வரும் கால்பைசாகி இடிப்புயல் நம்முடையதைவிடப் பல மடங்கு முரடு. உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற டொர்னடோ அமெரிக்காவில் அல்ல, வங்கதேசத்தில் வந்தது: 1989 ஏப்ரல் 26, சுமார் 1,300 பேர். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் ஹவுரா, செலவு சொற்பம். ஆனால் ஊரும் தோப்பும் நெருக்கம், தூரப் பார்வை கிடைக்காது, ஒதுங்க வசதியான சாலை கிடையாது, இதற்கென்று வழிகாட்டியும் எனக்குத் தெரிந்து யாருமில்லை. மொழியும் தெரியாமல் அங்கே போய் மழையில் நிற்பதைவிட வீட்டிலேயே இருக்கலாம். விட்டுவிட்டேன்.

சரி, மருமகன் கார் கதை. இதில்தான் எனக்கு அனுபவம் இருக்கிறது.

மே மாதம் டல்லாஸ் போனேன். அவன் மென்பொருள் வேலையில் இருக்கிறான், வெள்ளி லீவு போட்டால் ஞாயிறு வரை மூன்று நாள். "மாமா, குழுவுக்கு மூணு லட்சம் எதுக்கு, நம்ம காரு இருக்கு, போன்ல ரேடார் ஆப் இருக்கு, ரெண்டு பேரும் போயிடலாம்" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதல் ஓட்டை அங்கேயே: மேகத்துக்கு வார விடுமுறை கிடையாது. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின புதன்கிழமை நல்ல நாள், நாங்கள் திரும்பிய பிறகு செவ்வாய்க்கிழமை அதைவிட நல்ல நாள். நடுவில் எங்களுக்குக் கிடைத்தது மிச்சம்.

வெள்ளிக்கிழமை விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெயில், புழுக்கம், ஈரம், எல்லாம் இருந்தது, மேகம் மட்டும் எழும்பவில்லை. மேலே ஒரு வெப்பமான காற்று அடுக்கு மூடி போட்டது மாதிரி உட்கார்ந்துவிட்டால் கீழே எவ்வளவு கொதித்தாலும் ஆவி மேலே வராது, இட்லிக் கொப்பரை கணக்குதான். மூடி திறந்தால் ஒரேயடியாக வெடித்து எழும்பும், திறக்காவிட்டால் சூரியன் அஸ்தமிக்கும் வரை நீலவானம். எங்களுக்குத் திறக்கவில்லை.

சனிக்கிழமை திறந்தது. லாட்டன் பக்கம் மேகம் எழும்பி வடகிழக்காக நகர்ந்தது. இதில் ஒரு பாலபாடம் இருக்கிறது: அப்படி நகரும் சூப்பர்செல்லில் டொர்னடோ வரக்கூடிய இடம் வழக்கமாக அதன் தென்மேற்கு மூலை, பார்க்கிறவன் நிற்க வேண்டியது தென்கிழக்கே, மழைக்கு வெளியே, பின்வாங்க ஒரு ரோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. இது எங்கள் இரண்டு பேருக்கும் படித்துத் தெரியும். ஆனால் ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பானா ரேடாரைப் பார்ப்பானா? நான் படத்தைப் பார்த்து வழி சொன்னேன். போனில் வரும் ரேடார் படம் சில நிமிஷம் பழையது, மேகமோ இருந்த இடத்தில் இருக்காது. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டோம், அடுத்த திருப்பம் வடக்கே கொண்டு விட்டது, அதாவது நேரே ஆலங்கட்டி கொட்டும் வயிற்றுக்குள். எலுமிச்சம்பழம் அளவு. கூரைமேல் கல்லெறிகிற சத்தம். முன் கண்ணாடியில் விரிசல் விழுந்தது, ஒரு பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாம் என்று அவன் சொன்னான், வேண்டாம் என்றேன், டொர்னடோ நேரத்தில் பாலத்தடியில் நிற்பது ஆபத்து என்று படித்திருந்தேன். கடைசியில் ஒரு கடையின் சுவரோரம் இருபது நிமிஷம் உட்கார்ந்தோம். டொர்னடோ இருந்ததா இல்லையா என்றுகூட எங்களுக்குத் தெரியாது, வெளியே வெள்ளைத் திரைதான்.

சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட்டம், இரண்டு இரவு மோட்டல், பெட்ரோல், இதெல்லாம் சேர்ந்து 450 டாலர்தான் ஆனது. கார் பானட்டும் கூரையும் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகி, காப்பீட்டில் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு 1,000 டாலர். மலிவான வழி என்று போனது அப்படி முடிந்தது. மருமகன் மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்தத் தொழிலிலேயே ஊறினவர்களுக்கும் தப்புக் கணக்கு ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 மே 31, ஓக்லஹோமாவில் எல் ரேனோ என்ற ஊர். அன்றைய டொர்னடோ 2.6 மைல், அதாவது நாலு கிலோமீட்டருக்கு மேல் அகலம், மன்னார்குடி மாதிரி ஒரு ஊரையே ஒரே மூச்சில் மூடிவிடும். அது திடீரென்று திசை மாறி வேகம் கூட்டியதில் டிம் சமாரஸ், அவர் மகன் பால், கூடப் போன கார்ல் யங் மூன்று பேரும் காரோடு போனார்கள். டொர்னடோவின் பாதையில் அளவுக்கருவிகளை வைத்து ஆராய்ந்தவர் சமாரஸ், எச்சரிக்கையானவர் என்று பெயர் எடுத்தவர். 2022 ஏப்ரலில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் வானிலை மாணவர்கள் மூன்று பேர் துரத்திவிட்டுத் திரும்பும் வழியில், ஈர ரோட்டில் கார் வழுக்கி லாரி மோதி இறந்தார்கள். இதில் பெரிய ஆபத்து ரோடு. தூக்கம், ஈரம், இருட்டு, நல்ல நாளில் ஒரே மேகத்தின் பின்னால் நூறு கார். மருமகனோடு போன மூன்று நாளில் இந்த நாலையும் பார்த்துவிட்டேன்.

இனி குழு. பொதுவாக ஆறிலிருந்து பத்து நாள் பயணம், ஓக்லஹோமா சிட்டியிலோ டென்வரிலோ தொடங்கி அங்கேயே முடியும். கட்டணம் சுமாராக 2,500லிருந்து 4,500 டாலர் வரை, நாளையும் ஆள் எண்ணிக்கையையும் பொறுத்து. வேனும் மோட்டல் அறையும் அதில் அடக்கம், சாப்பாடும் விமானமும் உங்கள் பாடு. தனி அறை கேட்டால் கூடுதல் பணம். நான் போட்ட கணக்கில் பத்து நாள் குழு, சென்னையிலிருந்து விமானம், சாப்பாடு, பயணக் காப்பீடு, வழிகாட்டிக்கு அன்பளிப்பு எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சத்தில் நிற்கிறது. விசா ஏற்கெனவே கையில் இருப்பதால் அந்தச் செலவும் அலைச்சலும் எனக்கு இல்லை, புதிதாக எடுக்கிறவர்கள் நேர்காணல் தேதி கிடைக்கும் முன் குழுவுக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

காசுக்கு என்ன கிடைக்கும்? டொர்னடோ கிடைக்கும் என்று நாணயமான எந்தக் குழுவும் சொல்லாது, பார்க்காவிட்டால் பணம் திரும்பவும் வராது. பத்து நாளில் ஒன்றுகூடப் பார்க்காமல் வந்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வாங்குவது ஒரு ஆளின் மூளையை. காலையில் நார்மன் நகரத்தில் இருக்கும் புயல் கணிப்பு மையத்தின் வரைபடத்தை விரித்து, இன்றைக்கு இங்கே என்று ஒரு புள்ளி வைப்பார், அது 600 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மதியத்துக்குள் கொண்டு போய் நிறுத்துவார். மேகம் கட்டிய பிறகு எந்த ரோட்டில் நிற்பது, எப்போது விட்டுவிட்டு ஓடுவது என்பது அவர் பொறுப்பு. ஓட்டுவது இன்னொருவர். உங்கள் கை கேமராவில் இருக்கும், ஸ்டியரிங்கில் இருக்காது. எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாதது இதுதான்.

கஷ்டமும் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வேனில் உட்கார வேண்டும், முதுகுவலிக்காரர்களுக்கு ஆகாது. மதியச் சாப்பாடு பெட்ரோல் பங்கில், இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு, அதுவும் கடை திறந்திருந்தால். சைவக்காரர்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டு போகாமல் பிழைக்க முடியாது, மோட்டலில் மைக்ரோவேவ் இருந்தால் சோறு ஆக்கிக்கொள்ளலாம். (மோட்டல் நடத்துகிறவர் பட்டேலாக இருந்தால் கொஞ்சம் ஊறுகாயும் கிடைக்கலாம், எனக்குக் கிடைத்தது.) தெரியாத ஏழு பேரோடு பத்து நாள். வானம் வெளுத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் சும்மா ஊர் பார்க்க வேண்டியிருக்கும். வேலை நடக்காமல் சும்மா இருக்கத் தெரியாதவர்கள் ஆறு நாள் பயணத்தில் சேர்ந்து, அந்த ஆறும் வெளுத்துப்போய், வழிகாட்டியைத் திட்டிக்கொண்டு வருவார்கள். அதனால்தான் ஆறுக்குப் பத்து மேல் என்கிறேன், கூடுதல் ஒரு லட்சம் வந்தாலும்.

குழுக்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எல்லோரும் கேட்கிற கேள்விகளைக் கேட்டேன்: ஒரு வேனில் எத்தனை பேர், ஜன்னல் இருக்கை மாற்றித் தருவீர்களா, கணிப்பவரும் ஓட்டுபவரும் ஒரே ஆளா, எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள், இருட்டிய பிறகும் துரத்துவீர்களா. கடைசியாக ஒரு கேள்வி, அது கஜாவிலிருந்து வந்தது: டொர்னடோ ஒரு ஊருக்குள் போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒரு குழுவின் பதிலில், சேதத்தை அருகில் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும் என்று ஒரு வரி இருந்தது, பெருமையாகவே எழுதியிருந்தார்கள். கட்டணமும் அங்கேதான் குறைவு. இன்னொரு குழு, நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம் என்றால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது, உதவி வரும் வரை முதலுதவி செய்வோம், ஆட்கள் வந்த பிறகு வழியை விட்டு விலகிவிடுவோம், அப்படி ஒரு நாள் போனால் பணம் திருப்பித் தர மாட்டோம், சம்மதமா என்று எழுதியது. சம்மதம் என்று எழுதிவிட்டேன். விழுந்த வீட்டுக்கு முன்னால் முக்காலி போட்டு நிற்கிற ஆளாக நான் ஆக முடியாது, பேராவூரணித் தோப்புக்காரர் மூஞ்சி எதிரே வரும்.

யாருக்கு எது என்று கேட்டால், கையில் காசில்லை, மேகம் பிடிக்கும் என்பவர்களுக்குக் காரைக்கால் ரேடாரும் ஆடி மாத வானமும் போதும், அதில் எந்தக் குறையும் இல்லை. டல்லாஸிலோ ஓக்லஹோமா சிட்டியிலோ சொந்தக்காரர் இருந்து, அவருக்கே இதில் நாலைந்து வருஷப் பழக்கம் இருந்தால் அவர் காரில் போகலாம். சொந்தக்காரர் இருக்கிறார் என்பது மட்டும் தகுதி ஆகாது. முதல்முறை போகிறவர்கள் குழுவில்தான் போக வேண்டும். நான் இரண்டாம் முறைதான், இருந்தாலும் முதல்முறை போகிறவன் கணக்கில்தான் என்னை வைத்திருக்கிறேன்.

தேதிதான் இழுபறி. மே கடைசி வாரம் கேட்டேன், இடம் நிரம்பிவிட்டது. இடம் இருந்திருந்தாலும் கஷ்டம்தான், எனக்கு வைகாசி முகூர்த்தம் நாலு புக் ஆகியிருந்தது, கல்யாண ஸ்டுடியோக்காரன் வைகாசியில் ஊரை விட்டுப் போவது அறுப்பு நேரத்தில் களத்தை விட்டுப் போகிற மாதிரி. கிடைத்தது மே 30லிருந்து ஜூன் 8 வரை, டென்வரிலிருந்து. ஜூனில் மேலே ஓடும் காற்றோட்டம் வடக்கே நகர்ந்துவிடும், அதனால் ஓக்லஹோமா கிடைப்பது சந்தேகம், கொலராடோ, நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா பக்கம் ஓட வேண்டியிருக்கும். அங்கே கூட்டம் குறைவு, ஆள் நடமாட்டமில்லாத புல்வெளி, மேகம் முழுசாக உருவம் தெரியும் என்கிறார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். அந்தப் பத்து நாளில் விழும் இரண்டு கல்யாணத்தைத் திருவாரூர் நண்பரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அப்பா காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்போது திரும்புகிறாய் என்று மட்டும் கேட்டார். ஜூன் 10 வீட்டில் இருப்பேன் என்றேன். காலண்டரைப் பார்த்தார். "பன்னெண்டாம் தேதி மேட்டூர் திறப்பான். தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள வந்துடு, நாத்தங்காலுக்கு ஆள் இல்ல" என்றார்.